வானத்துக்குப் போக இருந்த போத்தல்

"வானத்துல ஓடுற வண்டிக்கும் ரேடியேட்டர் இருக்கா மிஸ்?"

கேட்டவன் சின்னராசா. கேட்டுக்கொண்டே நோட்டன் பிரிட்ஜ் வளைவில் த்ரீவீலரைப் பள்ளத்தின் விளிம்புவரை கொண்டுபோய் ஒடித்துத் திருப்பினான். பின்சீட்டில் இருந்த யூஜினா முதலில் மாதாவைக் கூப்பிட்டாள். பிறகு அவனைத் திட்டினாள்.

"இருக்கு. ஒன் வண்டிக்குத்தான் இல்ல. ரோட்டைப் பாத்து ஓட்டு."

"நா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரோட்டைத்தான் காணல."

அதுவும் பொய்யில்லை. மழை விட்டும் மூடுபனி விடவில்லை.

ஹட்டனில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் 'தனியார் விசாரணை' என்று போர்டு மாட்டிக்கொண்டு பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள் யூஜினா. அவளிடம் வருவதெல்லாம் ஓடிப்போன புருஷன், காணாமல்போன நகை, கள்ளக் கையெழுத்தில் விற்ற காணி. சின்னராசா அவளுடைய சாரதி, உதவியாள், எடுபிடி. வாய்க்கு மட்டும் அவனே முதலாளி. இந்த இரண்டு பேருக்கும் முந்தாநாள்வரை விண்வெளியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது.

நேற்றுத்தான் ஷாமிலா வந்தாள். ஆர்ட்லின் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்து, விடாமல் படித்து, அதே தோட்டத்துப் பழைய பெக்டரியில் திறந்த ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏமாத்துக்காரின்னு சொல்லி நாளைக்கி என்னை வெளிய தள்ளப் போறாங்க மிஸ். நா ஏமாத்தல. யாரோ என் போத்தலைக் கெடுத்துட்டாங்க."

அந்தப் போத்தலின் கதை இது. விண்கலத்தின் வெயில்பட்ட பக்கம் வேகும். நிழல்பட்ட பக்கம் உறையும். காற்றே இல்லாத இடத்தில் விசிறி சுற்றி என்ன பிரயோசனம்? ஒரு திரவம் குழாய்க்குள் ஓடி, இயந்திரங்களின் சூட்டை வாரிக்கொண்டு போய், வெளிப்பலகை வழியாக விண்ணில் கொட்ட வேண்டும். அந்தத் திரவத்தில் கண்ணுக்குத் தெரியாத அலுமினிய ஒட்சைட்டுத் துகள்களைக் கலந்தால் இன்னும் நன்றாகச் சூட்டை வாரும். நனோ திரவம் என்று பெயர். வில்லங்கம் ஒன்றுதான்: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஒட்டாமல் மிதக்கிற ஒன்றை ஷாமிலா செய்திருந்தாள். அது பரிசோதனைக்கு ஜெர்மனி போக இருந்தது. கூடவே அவளும் போக இருந்தாள், மேல்படிப்புக்கு.

வழியனுப்பு விழாவில் ஆய்வுகூடத் தலைவர் டொக்டர் யோகேஸ்வரன் எல்லார் முன்னாலும் துணியைப் பிரித்துப் போத்தலைத் தூக்கிப் பிடித்தார். அடியில் வெள்ளை வெளேரென்று மண்டி. மேலே வெறும் தண்ணீர்.

"வானத்துல ஏது தங்கச்சி மேல் கீழ்? மண்டி எங்க போயி தங்கும்?" என்று நேற்றே குடைந்திருந்தான் சின்னராசா.

"தங்காதுண்ணே. கட்டி கட்டியா சுத்தும். குழாய அடைக்கும். அது இன்னும் மோசம்," என்று அழுகைக்கு நடுவிலும் பதில் சொன்னாள் அந்தப் பிள்ளை.

அந்த ஒரு பதிலுக்காகவே யூஜினா கேஸை எடுத்தாள்.

*

முன்பு கொழுந்து வாட்டிய மேல்மாடிதான் இப்போது ஆய்வுகூடம். பலகைச் சுவர் போய்க் கண்ணாடிச் சுவர் வந்திருந்தது. டொக்டர் யோகேஸ்வரன் வாசலுக்கே வந்து வரவேற்றார். "கந்தப்பளைத் தோட்டத்துப் பையன் நான்" என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிற மனுஷன். இங்கேயும் மறக்காமல் சொன்னார்.

"தாராளமா விசாரிங்க மிஸ். எங்கயும் போங்க, யாரையும் கேளுங்க. மூணு மணிக்குக் கொழும்புல இருந்து ரெண்டு பேர் கூட்டத்துக்கு வர்றாங்க. அதுக்குள்ள உண்மை வரட்டும்."

டீ வந்தது. ரோல்ஸ் வந்தது. யூஜினாவுக்கு உள்ளுக்குள் எதுவோ உறுத்தியது. அவள் பார்த்த தொழிலில், குற்றம் சுமத்துகிற யாரும் துப்பறிய வந்தவளுக்கு உபசாரம் பண்ணியதில்லை.

"ரோல்ஸ்ல விஷம் இல்ல மிஸ். மூணு தின்னு பாத்துட்டேன்," என்று அவள் காதில் சொன்னான் சின்னராசா.

"அதே நாள்ல, அதே சட்டியில செஞ்ச இன்னொரு போத்தல் இருக்காமே டொக்டர்?"

"இருக்கு. என் அலுமாரியில பூட்டி வச்சிருக்கேன்."

"அதுல மண்டி இல்லையா?"

"இல்ல. ஒண்ணு நிக்குது, ஒண்ணு விழுது. நின்னதை மட்டும் எழுதிட்டு விழுந்ததை மறைச்சிருக்கா. ஏமாத்துன்னா வேற என்ன?" என்று சிரித்துவிட்டு, கெட்டுப்போன போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஷாமிலா ஒரு மூலையில், சொந்த ஆய்வுகூடத்திலேயே அந்நியரைப் போல, கைகட்டி நின்றாள்.

யூஜினா மூடியைத் திருகிக் கழற்றினாள். மூடியின் உட்புறப் புரியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் பூதக்கண்ணாடியைத் தேடிக் கைப்பையைக் கிளறுவதற்குள், சின்னராசா அதை விரலால் வழித்து நாக்கில் வைத்துவிட்டான்.

"அட நாசமாப் போறவனே! செத்துக்கித்துத் தொலைச்சா ஒன் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?"

"உப்பு மிஸ்."

"என்ன?"

"கறிக்குப் போடுற உப்பு. எங்க வீட்டுல ஒருநாள் கூடும், ஒருநாள் கொறையும். அதுனால இந்த நாக்குக்குத் தப்பாது."

ஷாமிலாவின் முகம் வெளுத்தது. "உப்பா? உப்புப் பட்டா முடிஞ்சுது மிஸ். ஒவ்வொரு துகள் மேலயும் ஒரே மாதிரி மின்னேற்றம் இருக்கும். அதனால ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே மிதக்கும். லயத்துல அடுத்தடுத்த காம்பராக்காரங்க கோவிச்சுக்கிட்டு மூஞ்சி பாக்காம இருக்காங்கல்ல, அப்படி. உப்பு விழுந்தா அந்தத் தள்ளல் செத்துரும். எல்லாம் ஒட்டிக்கும்."

"ராசியாப் போனா கெட்டுப்போற சாமானை இப்பத்தான் பாக்குறேன்," என்றான் சின்னராசா.

ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. திரவத்தில் கோளாறு இல்லை. எவருடைய கையோ உப்பைப் போட்டிருக்கிறது. யாருடைய கை?

"மழைக்காலத்துல பையில உப்போட திரியிறவன் யாரு மிஸ்? அட்டைக்குப் பயந்தவன்," என்றான் சின்னராசா. தேயிலைக்குள் நடக்கிறவர்களின் காலில் அட்டை ஏறும். உப்பு வைத்தால் உதிரும். மலைநாட்டுக்காரர் எவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆய்வுகூடத்துக்குத் தேயிலை மலை வழியாகத் தினமும் நடந்து வருகிறவன் ஒரே ஒருவன்: ஆய்வுகூட உதவியாள் சுமன்.

சுமனைக் கூப்பிட்டார்கள். காற்சட்டைப் பைக்குள் ஒரு சின்னப் பொட்டலம் உப்பு இருக்கத்தான் செய்தது. சின்னராசாவின் முகத்தில் வெற்றிக்களை.

"ஐயோ அண்ணே, இது அட்டைக்கு! அந்தப் போத்தல் இருந்த அலுமாரிச் சாவி ரெண்டு பேருக்கிட்டத்தான். டொக்டர் சேர்கிட்ட ஒண்ணு, ஷாமிலா மிஸ்கிட்ட ஒண்ணு. நா தொடக்கூட மாட்டேன்," என்று பதறினான் சுமன்.

யூஜினா அவனைப் பார்க்கவில்லை. போத்தலின் கழுத்துக்குக் கீழே ஒட்டியிருந்த ஒரு பொட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சுமன், விழாவுக்கு முந்தின ராத்திரி கறண்டு போச்சாமே. இங்க மெழுகுதிரி கொளுத்தினீங்களா?"

"மெழுகுதிரியா? இங்க நெருப்புக்குச்சி கொண்டாந்தாலே வேலை போயிரும் மிஸ். ஸ்பிரிட்டு எல்லாம் இருக்கு."

"அப்ப போத்தல்ல மெழுகு எப்பிடி வந்துச்சு?"

சுமன் ஷாமிலாவைப் பார்த்தான். ஷாமிலா தரையைப் பார்த்தாள். யூஜினாவுக்கு அது போதும்.

"போத்தல் இங்க இல்லவே இல்ல. வெளிய போயிட்டு வந்திருக்கு. என்ன ஷாமிலா?"

"விடியக்காலம் பையில தூக்கிக்கிட்டு வந்தாங்க. யாருக்கிட்டயும் சொல்லாதன்னாங்க. நா சொல்லல மிஸ், நீங்களாத்தான் கண்டுபிடிச்சீங்க," என்றான் சுமன், சத்தியத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு.

*

"எங்கிட்டயே பொய் சொன்ன!" வெளியே படிக்கட்டில் வைத்து யூஜினா பொரிந்தாள். "போத்தல் அலுமாரிய விட்டு அசையவே இல்லன்னு நேத்து வாய் கூசாம சொன்னியே!"

"மாதிரிய வெளிய கொண்டுபோனா அதுக்கே தள்ளிருவாங்க மிஸ். அதான் சொல்லல." ஷாமிலா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா இந்த மலையிலதான் கொழுந்து எடுக்குறாங்க. ஜன்னலுக்கு வெளிய நின்னு பாப்பாங்க. உள்ள விடமாட்டாங்க. வானத்துக்குப் போற சாமான் எப்படி இருக்கும் புள்ளன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒரு ராத்திரிதானேன்னு துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிக் காட்டினேன். விடியக்காலம் அப்படியே சுத்தினபடி கொண்டாந்து வச்சேன். பிரிச்சுக்கூடப் பாக்கல."

"வீட்டுல வேற யாரு?"

"அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா தொட்டிருக்க மாட்டாங்க மிஸ். தயவுசெஞ்சு போத்தல் வெளிய போனதை மட்டும் சொல்லிராதீங்க."

"பைத்தியம். ஒன் திரவம் சரியானதுன்னு நிரூபிச்சிட்டா ஒன்னை யாரு என்ன பண்ண முடியும்? ஏமாத்துக்காரிங்கிற பேரு போகணுமா வேணாமா?"

ஷாமிலா பதில் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று யூஜினா எடுத்துக்கொண்டாள்.

லயம் பெக்டரிக்குக் கீழேயே இருந்தது. ஷாமிலாவின் அம்மா சிசிலி மத்தியானக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தாள். அந்த ஒற்றை அறைக் காம்பராவின் சுவரில் சின்ன மாடம். மாடத்தில் அந்தோனியார் சொரூபம். சொரூபத்தின் காலடியில் உருகி வழிந்த மெழுகு. அதற்குப் பக்கத்தில் ஒரு ஜாம் போத்தலில் பாதிக்கு உப்பு.

சின்னராசா அதைப் பார்த்தான். யூஜினாவைப் பார்த்தான்.

"சிசிலி அக்கா, நாங்க ஷாமிலாவோட ஆளுங்க. அவ போத்தலைக் கொண்டாந்து காட்டினாளாமே," என்று மெதுவாகத் தொடங்கினாள் யூஜினா.

சிசிலிக்கு முகம் பூத்துவிட்டது. "ஆமா மிஸ்! பால் மாதிரி இருந்துச்சு. கறண்டு வேற இல்லையா, மெழுகுதிரி வெளிச்சத்துல என்னா அழகு! புள்ள அசந்து தூங்கிருச்சு. நா அந்தோனியார் காலடியில வச்சுச் செபம் பண்ணிக்கிட்டே இருந்தேன்."

"போத்தலைத் தொறந்தீங்களா?"

"தொறக்காம? எங்க மூத்தவன் சவூதிக்குப் போறப்ப இந்த உப்பைத்தான் பைக்குள்ள வச்சேன். பக்கத்துக் காம்பரா புள்ள பொறந்தப்ப குளிக்கிற தண்ணியில போட்டோம். வானத்துக்கே போற சாமான், அதைச் சும்மா அனுப்புவோமா மிஸ்? திருநாளுக்குப் பங்குச் சாமியார் மந்திரிச்சுக் குடுத்த உப்பு. ரெண்டு சிட்டிகை போட்டு, சிலுவை வரைஞ்சு மூடி வச்சேன். புள்ளகிட்ட சொல்லல. படிச்ச புள்ள, சிரிக்கும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "ஏன் மிஸ், நல்லபடியா அனுப்பியாச்சா? புள்ள ரெண்டு நாளா மூஞ்சியே குடுக்க மாட்டேங்குது."

யூஜினா மாடத்து உப்புப் போத்தலிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. விஷயத்தை இப்போது சொன்னால் இந்தப் பொம்பளை மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். கூட்டத்தில் வாயைத் திறக்க மாட்டாள். சாட்சி கெட்டுப்போகும்.

"இப்ப சொன்னதை மூணு மணிக்கு மேல வந்து, பெரியவங்க முன்னால இப்பிடியே சொல்வீங்களா அக்கா? ஷாமிலாவுக்கு நல்லது."

"உள்ள விடுவாங்களா?"

"நா கூட்டிட்டுப் போறேன்."

சிசிலி பாதிச் சோற்றோடு எழுந்து, கோவிலுக்குக் கட்டுகிற சீலையைத் தேடப் போனாள்.

"அந்த மனுஷிக்கிட்ட சொல்லிப்புடுவோம் மிஸ். பாவம்," என்றான் சின்னராசா, வெளியே வந்ததும்.

"கூட்டம் முடியட்டும்."

"முடிஞ்ச பொறவு சொல்லி என்னாத்துக்கு?"

"எனக்குத் தொழில் சொல்லித் தராத."

*

கூட்டத்தில் யூஜினா நன்றாகத்தான் பேசினாள். உப்பு, மெழுகு, கறண்டு போன ராத்திரி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். பிறகு கதவைத் திறந்து சிசிலியைக் கூப்பிட்டாள். சிசிலி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கண்ணாடிச் சுவரையும் மினுங்குகிற குழாய்களையும் பார்த்தபடி உள்ளே வந்தாள். அம்மாவைக் கண்டதும் ஷாமிலா ஆசனத்திலிருந்து எழுந்துவிட்டாள்.

"மிஸ், வேணாம்..."

யூஜினா கையைக் காட்டி அவளை அடக்கினாள். சிசிலி சொன்னாள். மெழுகுதிரி, அந்தோனியார், இரண்டு சிட்டிகை, சிலுவை அடையாளம், ஒன்று விடாமல் சொன்னாள்.

"ஆக, திரவத்துல எந்தக் குறையும் இல்ல. ஷாமிலா யாரையும் ஏமாத்தல," என்று முடித்தாள் யூஜினா.

"ஏமாத்தல," என்றார் டொக்டர் யோகேஸ்வரன். "அந்தக் குற்றச்சாட்டை வாபஸ் வாங்குறேன். திரவம் அருமையான திரவம்."

சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேலே வைத்தார். உள்ளே, பஞ்சுக்கு நடுவில், இரண்டாவது போத்தல். பால் வெள்ளை. மூடியில் அரக்கு முத்திரை குத்தி, ஜெர்மனி விலாசம் ஒட்டி, பயணத்துக்கு ஆயத்தமாக இருந்தது. அரக்கு எப்போதோ காய்ந்துவிட்டது.

அந்த நொடியில்தான் யூஜினாவுக்கு எல்லாம் விளங்கியது. டீயும் ரோல்ஸும்கூட.

"உப்புன்னு ஒங்களுக்கு முதல்லயே தெரியும்," என்றாள்.

"விழா முடிஞ்சு அரைமணியில தெரியும் மிஸ். ஒரு கம்பிய உள்ள விட்டு மின்சாரம் எவ்வளவு கடத்துதுன்னு பாத்தாப் போதும். எங்க வச்சு விழுந்துச்சுங்கிறதுதான் தெரியல. வெளிய கொண்டுபோயிருப்பான்னு நெனச்சேன். கையில அத்தாட்சி இல்ல." அவர் யூஜினாவைப் பார்த்து, நன்றி சொல்கிறவர்போல் தலையை லேசாகச் சாய்த்தார். "ஏமாத்துக்காரின்னு சொன்னா, இல்லன்னு காட்டுறதுக்கு அவளே அத்தாட்சியக் கொண்டாருவான்னு தெரியும். இங்க செய்யிறது எதுவும் ஆய்வுகூடத்தோட சொத்து. அனுமதியில்லாம மாதிரிய வெளிய கொண்டுபோறவங்களை நீக்கணும். ரெண்டும் அவ கையெழுத்துப் போட்ட விதி. போத்தல் போகும். கூட நான் போறேன்."

ஏமாற்றுக்காரியை வெளியே தள்ளியிருந்தால் அவள் திரவத்தையும் சேர்த்துத்தான் தூக்கி எறிந்திருக்க வேண்டும். இப்போது திரவம் அவருக்கு, வாசல் அவளுக்கு. அதற்கு வேண்டிய சாட்சியைக் கைப்பிடித்து, கோவில் சீலை கட்டவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தவள் யூஜினா. அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"அந்தப் புள்ள லயத்துல பொறந்தது. நீங்களும் லயத்துல பொறந்தவரு. ஒங்களுக்கு மனசாட்சி இல்லையா சேர்?" என்று கேட்டான் சின்னராசா.

"அதனாலதான் தம்பி எனக்கு ஒரு போத்தல்கூட சும்மா கிடைக்கல," என்று சொல்லிவிட்டு, டொக்டர் பெட்டியை மூடினார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. சிசிலி மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் மேசையில் மண்டி தட்டி நின்ற முதல் போத்தலின் முன்னால் வந்து நின்றாள். நின்றவள் கையை வாயில் வைத்தாள்.

"நா போட்டதாலயா புள்ள?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல. வாங்க, வீட்டுக்குப் போவோம்." ஷாமிலா அம்மாவின் தோளைப் பிடித்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் யூஜினா கொஞ்சம் தாங்கியிருப்பாள்.

வாசலில் செருப்பை மாட்டத் தெரியாமல் சிசிலியின் கால் தடுமாறியது. யூஜினா குனிந்து செருப்பை நேராக்கி வைத்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, நா வேணும்னு பண்ணல..."

சிசிலி அவளைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மிஸ். நா அந்தப் போத்தலைக் கண்டதே இல்லன்னு பொய் சொல்லியிருப்பேன். அந்தோனியார் மன்னிச்சிருப்பாரு."